அஞ்சலாட்சியின் பேரில் வந்த முடிவு

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என்னுடைய துணை சுகாதார நிலையத்துக்கு வந்த நர்ஸ் பெண்தான் பேசினாள். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசியைப் பற்றி. கடைசியில் ஒரு அம்மா எழுந்து, "எம்பொண்ணுக்கு இப்பத்தான் பதினாலு வயசு. இப்பவே இந்த ஊசின்னா, அவ மேல உங்களுக்கு இன்னா சந்தேகம்?" என்று கேட்டிருக்கிறார். அதோடு கூட்டம் கலைந்துவிட்டது.

"நான் இன்னாக்கா சொல்லியிருக்கணும்?" என்றாள்.

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் முப்பத்திரண்டு வருடம் ஊர் ஊராகப் போனவள் நான். அந்த அம்மாவின் சந்தேகம் எனக்குப் புதிதில்லை. ஒரு தடவை நானே அதற்குள் விழுந்திருக்கிறேன். அவளுக்குப் பதிலாக அதை எழுதிவிடுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் பதிவேடு எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். கருப்பை வாயைப் பற்றிப் பிரசவத்துக்காக மட்டும்தான் படித்தோம். எத்தனை விரல் திறந்திருக்கிறது என்று பார்ப்பதோடு சரி. மற்ற நாட்களிலும் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் டாக்டர் மேடம்தான். செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வருவார். குள்ளமான உருவம், வேகமான நடை. யார் என்ன சொன்னாலும் முதலில் நம்ப மாட்டார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். நான் "நார்மல் மேடம்" என்று சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எது நார்மல்? நீ இன்னா பாத்தே, அதைச் சொல்லு" என்பார். பார்த்ததைச் சொன்ன பிறகுதான் பேனா மறுபடி கைக்குப் போகும்.

முதல் காலத்தில் மரக்குச்சியால் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, ஸ்பிரிட்டில் போட்டு டவுன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். முடிவு வருவதற்குள் சில பேர் கூலி வேலைக்கு வேறு ஊர் போய்விடுவார்கள். அப்புறம் காடி, அதாவது வினிகர், வைத்துப் பார்க்கும் முறை வந்தது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். உள்ளே விட்டு விரிக்கும் கருவியை வெந்நீரில் காட்டி லேசாகச் சூடு பண்ணச் சொல்வார். இரும்பு சில்லென்று பட்டால் அந்தப் பெண் அடுத்த தடவை வர மாட்டாள் என்பார். செய்யப் போவதை ஒவ்வொன்றாக அவளிடம் சொல்ல வேண்டும். பிறகு விளக்கைத் திருப்பி, காடியில் நனைத்த பஞ்சைக் கருப்பை வாயில் ஒற்றி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

"ஒரு நிமிஷம்னா அறுபது நொடி. நாப்பத்தஞ்சு இல்ல."

அந்த ஒரு நிமிடத்தில் சிலருக்குக் கஞ்சி ஆறும்போது மேலே படியும் ஏடு போல வெள்ளையாக ஒன்று தெரியும். ஓரம் வெட்டினாற்போல் இருந்தால் அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

இதற்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைப் பற்றியும் அவர்தான் புரியவைத்தார். ஆணும் பெண்ணும் சேர்கிற எந்த வீட்டிலும் அது வரலாம். பெரும்பாலானவர்களுக்கு வந்த சுவடே தெரியாமல் ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கிவிடும். தங்கினால் பத்து, பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லப் புற்றாகும். "அந்தப் பத்து வருஷந்தான் நமக்கு இருக்கிற டைம். அதுக்குள்ள பாத்துட்டா ஒருத்தியும் சாக வேணாம்" என்பார்.

ஊரில் யார் இதைக் கேட்டார்கள்? கர்ப்பம் தரிக்காமல் இருக்க ஏதோ மருந்து தடவுகிறார்கள் என்றார்கள். வெள்ளைத் துணி போட்ட மேசையைப் பார்த்ததுமே எழுந்து போனவர்கள் உண்டு.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு, வைரஸ் இருக்கிறதா என்றே கண்டுபிடிக்கும் பரிசோதனை எங்கள் பகுதிக்கு வந்தது. பெண்களே தங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு சின்ன பிரஷ், நீல மூடி போட்ட ஒரு டியூப். பிரஷ்ஷை உள்ளே விட்டு ஐந்து சுற்று சுற்றி, டியூபில் போட்டு மூடித் தந்தால் போதும். முப்பது வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு. விதி ஒன்று உண்டு. சுகாதார நிலையத்துக்கு வரவழைத்து, மறைப்புத் தட்டிக்குப் பின்னால் எடுக்க வைத்து, டியூபை நாமே கையில் வாங்கிப் பெயர் ஒட்ட வேண்டும்.

அந்த விதியை நான் மீறினேன். சித்திரை வெயில். யாரும் வரவில்லை. அனுப்ப வேண்டிய டியூபில் பாதிகூடச் சேரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

அப்படிப் போன வீடுதான் அஞ்சலாட்சியின் வீடு. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல் என்று சொந்த நிலம் உள்ள குடும்பம். அஞ்சலாட்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் இறந்து பதினேழு வருடம். ஒரே மகன் குமரவேல். அவன் மனைவி கௌரிக்கு முப்பத்து மூன்று வயது. நான் முதலில் கௌரியைத்தான் கேட்டேன். அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"அவளுக்கு இப்ப வேணாம். எனக்கு எடு" என்றார் அஞ்சலாட்சி.

நான் செய்முறையைச் சொன்னேன். "எனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. மருமவ கூட வரட்டும்" என்று கௌரியை அழைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் டியூப் வந்தது. அஞ்சலாட்சியின் பெயரை ஒட்டினேன். போன் நம்பர் கேட்டேன். கௌரி குமரவேலின் நம்பரைச் சொன்னாள். வீட்டில் ஒரு போன்தான்.

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. வைரஸ் இருக்கிறது.

போன் செய்தேன். குமரவேல் எடுத்தான். அம்மாவை நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்க வேண்டும். அவன், "இன்னா விஷயம், இன்னா விஷயம்" என்று விடாமல் கேட்டான். "எச்.பி.வி. பாசிட்டிவ், பயப்பட ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். விதியை மீறியது முதல் தப்பு என்றால் இது இரண்டாவது. அவன் கையில் போன் இருக்கிறது. அதில் எதையும் தேடிப் பார்க்க அவனுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். குமரவேல் வாசலிலேயே நின்றான்.

"எங்கப்பா செத்துப் பதினேழு வருஷம் ஆவுது. ஆம்பள பொம்பள சேந்தாத்தான் வரும்னு போட்டிருக்கு. இவங்களுக்கு எப்டி வந்துச்சி? நீங்களே சொல்லுங்க."

"அது ரொம்ப வருஷம் வெளிய தெரியாம உடம்புக்குள்ளயே இருக்கும்பா. எப்ப வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"பதினேழு வருஷமாவா?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்" என்று அவன் என் குரலிலேயே திருப்பிச் சொன்னான். அந்தக் குரலில் உறுதி இல்லை என்பது எனக்கே கேட்டது.

அஞ்சலாட்சி வீட்டில் இல்லை. மகன் பேசுவதை நிறுத்தி, தாய் கையால் சாப்பிடுவதையும் நிறுத்திய பிறகு, பாயையும் ஒரு குண்டானையும் எடுத்துக்கொண்டு கரும்புக் கொல்லையில் உள்ள மோட்டார் கொட்டாய்க்குப் போய்விட்டார். அவரைத் தேடி வரப்பில் நடந்தபோது நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வருடா வருடம் அவர்கள் கொல்லைக்குக் கரும்பு வெட்ட ஆட்களைக் கூட்டி வரும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். இரண்டு தடவை அந்த வீட்டில் அவர் டீ குடித்ததைப் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தேன். அவர் எத்தனை வருடமாக வருகிறார் என்று கணக்குப் போட்டேன். வாயால் ஒன்று சொல்லிவிட்டு வந்த நான், மனசுக்குள் குமரவேல் போட்ட அதே கணக்கைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அஞ்சலாட்சி கொட்டாய்க்கு முன்னால் பெருக்கிக்கொண்டிருந்தார். மேற்கொண்டு பரிசோதனை இருக்கிறது, டாக்டர் பார்க்க வேண்டும் என்றேன். "வர்றன்" என்றார். செவ்வாய்க்கிழமை என் ஸ்கூட்டியில் அழைத்துப் போனேன். தெருமுனையில் கௌரி ஓடிவந்து, "நானும் வரட்டுமா அத்தை?" என்று கேட்டாள். "நீ வந்தா அவன் எதுக்குன்னு கேப்பான். போ" என்றார் அஞ்சலாட்சி. மாமியார் மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் மேடம் பார்த்தார். மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடம் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். காடி வைத்தாலும் நம்ப முடியாது. அதனால் மேடமே பிரஷ் விட்டு மறுபடி ஒரு டியூப் எடுத்தார். அஞ்சலாட்சி வெளியே போனதும் நான் மேஸ்திரியைப் பற்றி மெதுவாக எடுத்தேன்.

மேடம் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "இதை எதுக்கு என்கிட்ட சொல்றே?"

"இல்ல மேடம், எப்படி வந்திருக்கும்னு…"

"எப்படி வந்திருந்தா வைத்தியம் மாறும்? சொல்லு."

நான் டியூபைத் துடைத்துப் பெயர் ஒட்டினேன்.

"இந்த டெஸ்ட் யாருன்னும் சொல்லாது, எப்பன்னும் சொல்லாது. அவங்க வீட்டுக்காரர்கிட்டேர்ந்தே வந்து இத்தனை வருஷம் படுத்துக் கிடந்திருக்கலாம். நீயே நம்பாத ஒண்ணை அந்தப் பையன் எப்படி நம்புவான்?"

இரண்டாவது டியூபின் முடிவு வந்தது. வைரஸ் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. "நல்ல செய்தி மேடம்" என்றேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நல்ல செய்தி எங்க இருக்கு? இவ்வளவு சீக்கிரத்துல அது போறது அபூர்வம். ரெண்டுல ஒண்ணு தப்பு. எது?"

ஆய்வுக்கூடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். நேரில் போனேன். டியூபின் எண், படிவத்தின் எண், பதிவேட்டின் எண் மூன்றும் ஒன்றாக இருந்தன. அதற்கு முன்னும் பின்னும் சோதித்த டியூப்களின் எண்களும் சரியாக இருந்தன. திரும்பி வந்து சொன்னேன்.

"அந்த டியூபை அவங்க எடுத்ததை நீ பாத்தியா?" என்றார் மேடம்.

வீடு வீடாகப் போனதைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப நம்ம கையில இருக்கிறது வேற யாரோ ஒரு பொம்பளையோட ரிசல்ட். அவ யாருன்னு தெரியல. வைத்தியம் இல்லாம நடமாடிக்கிட்டு இருக்கா."

அன்று மத்தியானமே மோட்டார் கொட்டாய்க்குப் போனேன். அஞ்சலாட்சி வெளியே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்கு அந்த பிரஷ்ஷை எத்தனை சுத்து சுத்தினீங்க?"

"அது இன்னா, கொஞ்சம் சுத்தனன்."

"மூடி இன்னா கலரு?"

கை கீரையிலேயே நின்றுவிட்டது. "ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

"மாசத்துல மூணு தபா துணி அலசுறா மருமவ. நான்தான் பாத்தன். இன்னாடின்னு கேட்டன். அவங்கூட இருந்தாலே அன்னிக்கு ரத்தம் பட்டுடுது அத்தைன்னா. எத்தினி மாசமாடின்னேன். தீவாளிலேருந்துன்னா."

"அப்ப அவ பேருலயே குடுத்திருக்கலாமே. நான் அவளைத்தானே முதல்ல கேட்டேன்?"

"போனு யாருகிட்ட இருக்குது? அவன்ட்ட. ரெண்டு வருசம் முன்ன வெள்ளை படுதுன்னு டவுனுல காட்டி மாத்திரை வாங்கியாந்தா. எவன் குடுத்த நோவுடி இதுன்னு கேட்டான். அவ நெத்தியில தழும்பு பாத்திருப்ப. மாடு முட்டிடுச்சின்னு உங்கிட்ட சொன்னா."

பார்த்திருக்கிறேன். நான்தான் மருந்து போட்டேன். பதிவேட்டில் "மாடு முட்டிய காயம்" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான் அந்த மாட்டை மட்டும் சந்தேகப்படவில்லை.

"அதான் அவ எடுத்தது எம்பேருல போவட்டும்னேன். நல்லதா வந்தா பேசாம இருந்துடலாம். கெட்டதா வந்தா கெழவிய இன்னா பண்ணிடப் போறான், பேசாம இருப்பான், அவ்ளோதான. அதுக்கப்பறம் நீ என்னைத்தான வண்டியில கூட்டிப்போவ, அவள இல்லன்னு எனுக்குத் தோணல. இவள எப்டி அனுப்பறதுன்னு தெரியாமத்தான் ரெண்டு பேரும் முழிச்சிக்கினு கெடக்கறம்."

"மேஸ்திரி, அது இதுன்னு ஊரே பேசுதேக்கா. தாங்கினீங்களே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயும் நெனச்ச இல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

கேட்டதை எல்லாம் மேடத்திடம் சொன்னேன். கௌரியை மட்டும் அழைத்தால் குமரவேல் முழித்துக்கொள்வான். பொய் சொல்லி அழைக்க மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த செவ்வாய் அந்தத் தெருவில் முப்பது வயது தாண்டிய எல்லாப் பெண்களையும் வரச் சொல்லலாம் என்றார். அதில் பொய் இல்லை, எல்லோருமே வர வேண்டியவர்கள்தான். நானும் ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா பெண்ணும் ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். பதினெட்டுப் பேர் வந்தார்கள். கௌரி பதினோராவதாகப் படுத்தாள். மேடம் பஞ்சை ஒற்றினார். நான் விளக்கைப் பிடித்திருந்தேன். நாற்பது நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை, ஓரம் கூர்மையாக, வாயைச் சுற்றிப் பாதிக்கு மேல். மேடம் அறுபது நொடியும் நின்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை நகர்த்தச் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுக்கு முந்தின கடைசிப் படி. இன்னும் புற்றாகவில்லை. மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் போதும் என்றார்கள். கூட ஆள் வேண்டும் என்றதால் குமரவேலும் வந்தான். அதற்கு முன் எங்கள் நிலையத்தில் மேடத்தின் முன்னால் அவன் நின்றது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. முதல் முடிவு அவன் அம்மாவுடையது அல்ல என்று மேடம் சொல்லியிருந்தார். யாருடையது என்று சொல்லவில்லை.

"எங்கம்மாவுக்கு இல்லன்னுட்டீங்க. இப்ப இவளுக்கு இருக்குன்றீங்க. அப்ப இவ யார்ட்டேருந்து வாங்குனா?"

"உனக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"அதுக்கு முன்னால வந்திருக்கலாம், பின்னால வந்திருக்கலாம். உன்கிட்டேர்ந்தும் வந்திருக்கலாம்."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"அது உனக்கு எப்படித் தெரியும்? ஆம்பளைங்களுக்கு இந்த டெஸ்ட்டே நாங்க செய்யறதில்ல. சோதிச்சுப் பாக்காததால நீ சுத்தம்னு ஆயிடாது. நான் உன்னைக் கேக்கல. கேக்கவும் மாட்டேன். அந்த மாதிரி நீயும் அவளைக் கேக்காதே. அவ நெத்தித் தழும்பைப் பத்தியும் எனக்குத் தெரியும். இன்னொண்ணு வந்தா நர்ஸ் மாடுன்னு எழுத மாட்டாங்க. போலீசுக்கு எழுதுவாங்க."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மன்னிப்புக் கேட்டான், திருந்தினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தான், வராந்தாவில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவம் கொடுத்தபோது கௌரி என்னிடம், "அவரு போடணுமாக்கா கையெழுத்து?" என்று கேட்டாள். நீதான் என்றேன். எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். போன் நம்பர் என்று இருந்த இடத்தில் பேனா நின்றது.

"உங்க நம்பர போட்டுக்கட்டுமாக்கா?"

போடச் சொன்னேன். அதன் பிறகு ஊரில் இன்னும் சில பெண்கள் அப்படிக் கேட்டார்கள். கேட்ட எல்லோருக்கும் கொடுத்தேன்.

கௌரி வீடு திரும்பிய அன்று அஞ்சலாட்சி தானாகவே மோட்டார் கொட்டாயிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். மருமகளைத் தண்ணீர்க் குடம் தூக்க விடக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். சமைத்தார். மகன் சாப்பிட்டான். அம்மா என்று கூப்பிட அவனுக்கு இன்னும் நான்கு மாதம் ஆயிற்று என்று பின்னால் சொன்னார். அந்த டியூப் யாருடையது என்று அவர் இன்று வரை மகனிடம் சொல்லவில்லை.

ஒரு வருடம் கழித்து எடுத்த பரிசோதனையில் கௌரிக்கு வைரஸ் இல்லை. அந்தத் தாளோடு நானே போனேன். அஞ்சலாட்சி கொல்லையில் கரும்புச் சோகை உரித்துக்கொண்டிருந்தார். தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆமா, நீ எடுத்துக்கினியா நர்ஸம்மா?"

"எதை?"

"இதத்தான். ஊருக்கெல்லாம் எடுக்கற."

எடுத்துக்கொள்ளவில்லை. வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் அது. உண்மை வேறு. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார். இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவரிடம் கேட்காமலே வைத்திருந்த ஒரு கேள்வி எனக்குள் இருந்தது. அந்த டியூப் வந்து அதற்குப் பதில் சொல்லிவிடுமோ என்று பயந்தேன். அது யாரையும் காட்டிக்கொடுக்காது என்று தெருத் தெருவாகச் சொன்னவள் நான்தான்.

அஞ்சலாட்சி என் முகத்தைப் பார்த்தார். "எடுத்துக்க" என்றார்.

திங்கட்கிழமை எல்லோரும் வருவதற்கு முன்னால் நிலையத்தைத் திறந்தேன். படிவத்தில் என் பெயரை எழுதினேன். என் நம்பரை எழுதினேன். தட்டிக்குப் பின்னால் போய் ஐந்து சுற்று எண்ணினேன்.

மூன்றாவது வாரம் முடிவு வந்தது. அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. இல்லை என்று எழுதினால் நல்ல குடும்பம் என்பீர்கள். இருக்கிறது என்று எழுதினால், செத்துப்போன மனுஷனின் லாரி எந்த ஊரில் எத்தனை நாள் நின்றது என்று எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். செய்ய வேண்டியது எதுவோ அதைச் செய்துகொண்டேன். நான் நன்றாக இருக்கிறேன்.